தாய் விரால்

மொக்கைச்சாமி பின்னாலிருந்து பாய்ந்து வந்து புது மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாசமெல்லாம் இல்லை. மாப்பிள்ளையின் கையில் மூன்று கிலோ விரால் ஒன்று உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயோ, விடுங்க பெரியவரே! நான் பிடிக்கல, விட வந்தேன்!"

"மாட்டுனவன் அம்புட்டுப் பேரும் இதத்தான் சொல்லுதான். மீன மொதல்ல தவலைக்குள்ள போடுங்க மாப்ள!"

முழங்கால் தண்ணீரில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். நடுவில் விரால் வழுக்கி, தலைதீபாவளிப் புதுச் சட்டைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது. கூச்சம் தாங்காமல் மாப்பிள்ளை கெக்கெக்கே என்று சிரிக்க, அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டார் மொக்கைச்சாமி. அவர் கண்மாய்க் காவல்காரர். திருடன் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது.

மாப்பிள்ளை தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. எண்பத்தெட்டாம் வருசத் தலைதீபாவளிக்கு, சோழபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் மாமனார் ஊருக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகிறது. மாமனார் முத்துராமலிங்கம் ஊர்த்தலைவர். கண்மாய்க்குச் சட்டம் போட்டவரே அவர்தான்.

சட்டம் சும்மா வரவில்லை. போன சித்திரையில் ஊரே வலையும் கூடையுமாக மீன்பிடிக்கு இறங்கி, வீட்டுக்கு நாலு நத்தையோடு கரையேறியது. அன்றைக்கே தலைவர் சொல்லிவிட்டார். குஞ்சுகளோடு திரியும் விராலை எவனும் தொடக்கூடாது, தானாகத் தூண்டிலில் மாட்டினாலும் அங்கேயே திரும்ப விட்டுவிட வேண்டும். மீறினால் மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து, தமுக்குச் சத்தத்தோடு மூன்று தெருவும் சுற்ற வேண்டும்.

கூடை ஒருமுறை தலையில் ஏறிவிட்டால் இந்த ஊரில் தவசிமுத்துவுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஆயுசுக்கும் 'கூடை மாப்பிள்ளை'தான்.

மடை மேட்டில் ஊர் கூடிவிட்டது. தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து நின்று, தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"தாய் விராலுல்ல இது! தூண்டில் எங்க மாப்பிள்ளை?"

"கொண்டு வரல மாமா."

"நானும் தண்ணிக்குள்ள தேடிப் பாத்துட்டேன் தலைவரே, அம்புடல" என்றார் மொக்கைச்சாமி. "ஆனா மீனு வாயில முள்ளு கிழிச்சிருக்கு. எங்கதான் ஒளிச்சு வச்சாரோ!"

"பொறவு எப்படி வந்துச்சு இந்த மீனு?"

தவசிமுத்து வாயைத் திறந்தார். மாமனார் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சரி, விசாரணை கெடக்கட்டும். மொதல்ல தாயக் கொண்டுபோய் விடுங்கலே!"

கரையோரத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வருவதும் முங்குவதுமாக அலைந்துகொண்டிருந்தன. மொக்கைச்சாமி தவலையைச் சாய்த்தார். தாய் ஒரு வாலடியில் அடியில் போய்ச் சேர்ந்ததும், சிதறிக் கிடந்த குஞ்சுகள் அத்தனையும் ஓடி அதன் தலைக்கு மேலே மொய்த்தன.

அவ்வளவுதான், கரையில் விசில் பறந்தது. மாராப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் நாலைந்து பேர். தவசிமுத்துவும் தன் நிலைமையை மறந்து, குதித்துக் குதித்துக் கை தட்டினார்.

"ஏலே, பிடிச்சவரே கை தட்டுதாரு பாருங்கலே!"

சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. கூட்டத்தில் ஒரு பெரியவர் மெல்ல ஆரம்பித்தார். "புது மாப்பிள்ளை, வெளியூரு. இந்த ஒரு தடவ விட்டுருவோமே தலைவரே."

தலைவர் தோள் துண்டை உதறினார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே அவர் பல காலமாகக் காத்திருந்தது போலிருந்தது.

"விடமாட்டேன்! மாப்பிள்ளையாவது மச்சானாவது. அந்த மீனப் பிடிச்சது எவனா இருந்தாலும் கூடை சுமந்தே ஆகணும். இதுல நான் பேச்சு மாறினா, இந்த முத்துராமலிங்கத்தத் தலைவர்னு சொல்லாதீங்க!"

கைதட்டல் கண்மாயின் அக்கரை வரைக்கும் கேட்டது. தமுக்குக்காரர் தமுக்குத் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினார். கூடை வந்தது. மாப்பிள்ளையின் தலைக்கு அது பெரிதாக இருந்து கழுத்து வரை இறங்கிவிடவே, வேறு கூடைக்கு ஆள் ஓடியது. புதுப்பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் தலைவர் வீட்டு ஆவுடையம்மாள், அரைத்த மசால் கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. கூடைக்குள் இருந்த மருமகனையும் கவனிக்கவில்லை. நேராகப் புருசனிடம் போய் நின்றாள்.

"என்னங்க, மாப்ளைக்குன்னு வெள்ளன நீங்க பிடிச்சாந்தீயளே, அந்த விரால அண்டாவுல காணோமே!"