கால் மணி நேர லிங்க்

"தம்பி, இந்தத் தடவையும் படம் தொறக்கல. நேரம் முடிஞ்சு போச்சுன்னு இங்கிலீசுல வருது. நீங்க அனுப்பி ரெண்டு நிமிசம்கூட ஆகலையே!"

போனில் அலுத்துக்கொண்டவர் பாண்டிச்செல்வம். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். தீபாவளிப் பெட்டிக்கான லேபிளை அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் சிவகாசியில் அச்சு மிஷின் ஓடும்.

"வேற ஒண்ணு அனுப்புறேன் அண்ணாச்சி" என்றான் கதிரவன். அச்சகத்தின் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து அவனுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மேஜை போனை வைப்பதற்குள் முதலாளி முத்துக்கருப்பன் எதிரே வந்து நின்றார்.

"என்ன தம்பி, இன்னிக்கும் அதே கூத்தா?"

"காலையில அனுப்புனா எல்லாருக்கும் நல்லாத் தொறக்குது அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல அனுப்புறதுதான் படுத்துது."

"உன் புரோகிராமும் சாப்பிட்டுட்டுத் தூங்குதோ?" முதலாளி சிரிக்கவில்லை. "இங்க பாரு. பொழுது சாயறதுக்குள்ள அவுக படத்தப் பாக்கலன்னா ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போயிரும். அது போச்சுன்னா நீயும் பொட்டியக் கட்டிர வேண்டியதுதான்."

இந்த வேலையை நம்பித்தான் கதிரவன் சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தான்.

இவ்வளவுக்கும் அந்தப் புரோகிராமே முதலாளி கேட்டு எழுதியதுதான். லேபிள் படங்கள் எல்லாம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சர்வரில் வாடகை இடத்தில் இருந்தன. பார்க்க வேண்டியவருக்கு மட்டும் ஒரு லிங்க் போகும். அது கால் மணி நேரம்தான் திறக்கும். அப்புறம் சினிமா டிக்கெட்டைப் போல, காட்சி முடிந்தால் செல்லாது. எத்தனை மணி வரைக்கும் என்பதை அந்த லிங்க்கிலேயே எழுதி, ரகசியச் சாவியால் ஒரு கையெழுத்தும் போட்டுவிடும் புரோகிராம். நேரத்தை யாராவது மாற்றி எழுதினால் கையெழுத்து ஒத்துப்போகாது.

"கால் மணி நேரத்துக்கு மேல ஒரு நிமிசம் தொறந்து கெடக்கக் கூடாது. இந்த ஊர்ல அசந்தா நம்ம சரக்க அடிச்சுட்டுப் போயிருவான்" என்று அன்றைக்குக் கறாராகச் சொன்னவரும் அவர்தான்.

முதலாளி மிஷின் பக்கம் போனதும், பக்கத்து மேஜையில் வருகைப் பதிவு பார்க்கும் வேல்விழி மெல்லக் கேட்டாள். "என்னண்ணே, ரொம்பத் திட்டிட்டாகளா?"

"திட்டுனாப் பரவால்ல. எங்க தப்புன்னே தெரியலம்மா."

"எல்லாத்துக்கும் கெரகம் சரியில்ல போல. சீசன் ஆரம்பிச்சதுலேருந்து எங்க ஆனைக்குட்டம் பஸ்ஸும் நாங்க போறதுக்குள்ள போயிருது. கேட்டா, சரியான நேரத்துக்குத்தான் எடுக்கோம்னு சண்டைக்கு வாராக."

கதிரவன் புரோகிராமை வரிவரியாகப் பார்த்தான். சாவி சரி. கையெழுத்து சரி. புதிதாக ஒரு லிங்க் அனுப்பினான். போன் உடனே அடித்தது.

"தம்பி, இதுவும் போச்சு. எனக்குப் பொறுமையில்ல. மணி அஞ்சாச்சு, எங்க ஆளுகளை வேன்ல ஏத்தி அனுப்பிட்டேன். நான் ஒருத்தன்தான் உங்களுக்காகக் காத்துக் கெடக்கேன்."

"அஞ்சா? நாலரைதான அண்ணாச்சி ஆகுது?"

"யாரு சொன்னா? வெளிய வந்து பாருங்க!"

திரையின் மூலையில் நாலரை. சுவர்க் கடிகாரத்திலும் நாலரை. கதிரவன் வாசலுக்கு ஓடினான். வேலைக்கு வருகிறவர்களின் செல்போன்களை எல்லாம் வாட்ச்மேன் கருப்பணன் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தன் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். மணி ஐந்து.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாலரை என்று நம்பி, நாலே முக்கால் வரைக்கும் திறக்கட்டும் என்று லிங்க் எழுதிக் கொடுக்கிறது கம்ப்யூட்டர். சரியான நேரம் தெரிந்த சர்வரோ, நாலே முக்கால் எப்போதோ போய்விட்டது என்று கதவைச் சாத்துகிறது. பிறக்கும்போதே செத்த லிங்க்!

உள்ளே வந்து கம்ப்யூட்டர் நேரத்தைச் சரிசெய்தான். சுவர்க் கடிகாரத்தையும் திருப்பி வைத்தான். புதிய லிங்க் போனது.

"ஆகா, தொறந்துருச்சு! கலர் ஜோரா இருக்கு தம்பி. மிஷின்ல ஏத்தச் சொல்லுங்க" என்றார் பாண்டிச்செல்வம்.

செய்தி கேட்டு முதலாளி வேகமாக வந்தார். "கெட்டிக்காரன்லே நீ! என்னதான் தப்பு?"

"என் புரோகிராம்ல தப்பே இல்ல அண்ணாச்சி. யாரோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கடியாரத்த எல்லாம் அரை மணி பின்னால தள்ளி வச்சிருக்காக. காலையில பாத்தா சரியா இருக்கு. தெனமும் இதே வேலை."

முதலாளி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த நேரத்தப் பாத்துத்தான நம்ம வேலை முடியிற சங்கும் ஊதுது? பாவம், ஆளுக அம்புட்டுப் பேரும் சாயங்காலம் அரை மணி கூடுதலா நின்னு வேலை பாத்திருக்காக. நாளைக்கு நான் சாப்பிடப் போகாம ஒளிஞ்சிருந்து, அது யாருன்னு பிடிச்சுத் தாரேன் அண்ணாச்சி."

"வேல்விழி, நீ போயி எங்க ரெண்டு பேருக்கும் டீ சொல்லிட்டு வா" என்றார் முதலாளி.

அவள் போனதும் கதவைச் சாத்தினார். கதிரவனின் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, லிங்க் நாள் பூராத் தொறந்து கெடக்கட்டும், எவன் வேணாலும் பாத்துட்டுப் போறான். சீசன் முடியிற வரைக்கும் நான் திருப்பி வைக்கிற கடியாரத்த மட்டும் தொட்டுராத."