புருஷோத்தமன் போட்ட கேஸ்

வேனிலிருந்து முதலில் இறங்கியவர் தாய்மாமன் தணிகாசலம். அவருக்குப் பின்னால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அத்தை வீட்டுக்காரர் என்று மண்ணூரில் பாதி இறங்கியது. கடைசியாக இறங்கிய அப்பா புருஷோத்தமனைப் பார்த்ததும் மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெற்ற அப்பனே கேஸ் போட்டது போதாதென்று, வேடிக்கை பார்க்க வேன் வைத்து ஆள் கூட்டி வருவதா? இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மஞ்சுளாவும் பேச்சிராஜும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். அவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். மாமன் தன் மகனுக்கு அவளை நிச்சயம் செய்ய நாள் குறித்ததும், இருவரும் குன்றத்தூர் மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, கையோடு பதிவும் செய்துவிட்டு, படப்பையில் ஒரு ரூம் எடுத்துக் குடித்தனம் போய்விட்டார்கள்.

அப்பா அதிர்ந்து பேசத் தெரியாதவர். மச்சான் எதிரில் வாயே திறக்க மாட்டார். அந்த மனுஷன் நேராகச் சென்னைக்குப் போய், மகளைக் கண்முன் நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டார். நீதிபதிகள் அங்கிருந்தே வீடியோவில் விசாரிக்கப் போகிறார்கள் என்று இரண்டு தரப்பையும் ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க அப்பா என்ன, இம்புட்டுப் பேரக் கூட்டிட்டு வந்திருக்காவ?" என்றான் பேச்சிராஜ்.

"எல்லாம் எங்க மாமனோட ஆளுங்க. அவருக்கு ஆளுங்கட்சியிலயும் ஆள் கீது, எதிர்க்கட்சியிலயும் ஆள் கீது. யாருக்கும் பயப்பட மாட்டாரு."

"யாருக்குமேவா?"

"ஐகோர்ட்டுக்கு மட்டும் பயப்படுவாரு. ஏரிக்கரையை வளைச்சு சுவரு கட்டிக்கினு இருந்தாரு. எத்தினியோ ஆபீசருங்க வந்து பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போனாங்க. ஐகோர்ட்டு ஒரு ஆர்டர் போட்டுச்சு. மறுநாளே அவரே ஆள் வச்சு இடிச்சிட்டாரு." மஞ்சுளா வேன் பக்கம் பார்த்தாள். "இப்ப அதே ஐகோர்ட்டு அவங்க பக்கம் போயிட்டா, என்னை வூட்டுக்கு இட்டுக்கினு போயிருவாங்க. அடுத்த வாரமே அவரு பையனுக்குக் கட்டி வச்சிருவாங்க."

"அப்படில்லாம் விட்டுருவனா? என்ன வந்தாலும் பாத்துக்கிடலாம்" என்றான் அவன். சொன்னானே தவிர, வேனிலிருந்து இறங்கியவர்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார். "இன்னாம்மா, ஸ்டேஷன்னு நெனச்சியா? ஐகோர்ட்டு. அது சொல்லிட்டா மறுபேச்சே கெடையாது. நீயும் கேக்கணும், நானும் கேக்கணும்."

அப்பா பக்கத்திலேயே நின்றார். மகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாவி மனுஷனுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று மஞ்சுளாவுக்கு அழுகை முட்டியது.

உள்ளே சுவரில் இருந்த பெரிய திரையில் இரண்டு நீதிபதிகள் தெரிந்தார்கள். சொந்தபந்தம் மொத்தமும் பின்னால் முண்டியடித்து நின்றது. அப்பா மட்டும் அங்கிருந்த ஊழியரிடம் போய், "சார், சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தி வையுங்க. பின்னால கீறவங்களுக்கும் நல்லாக் கேக்கணும்" என்றார்.

"அப்படிப் போடு மாப்ளே" என்று தணிகாசலம் அவர் முதுகில் தட்டினார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் நீதிபதி.

திரையின் ஓரத்தில் இருந்த வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இருபத்திநாலு முடிஞ்சிருச்சுங்க ஐயா. பத்தாவது சர்ட்டிபிகேட் எடுத்தாந்துகீறேன்." லேமினேட் போட்ட சர்ட்டிபிகேட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சொந்தக் கட்சிக்காரரே இப்படிக் காலை வாரினால் வக்கீல்தான் என்ன செய்வார்? தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பயப்படாம சொல்லும்மா. உன் இஷ்டத்துலதான் போனியா?"

"ஆமா சார். என் இஷ்டத்துலதான் கல்யாணம் பண்ணிக்கினேன். இவரோடதான் இருப்பேன்." மஞ்சுளா திணறாமல் சொல்லிவிட்டாள்.

நீதிபதிகள் தங்களுக்குள் ஒரு நிமிடம் பேசிக்கொண்டார்கள். பிறகு எல்லோருக்கும் புரிகிற தமிழிலேயே சொன்னார்கள். "வயசு வந்த பொண்ணு. யாரோட வாழணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும். சொந்தக்காரங்க யாரும் அவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது. பண்ணினா போலீஸ் நடவடிக்கை எடுக்கணும். மனு முடித்துவைக்கப்படுகிறது."

அந்த அறையின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. பேச்சிராஜ் எல்லோர் எதிரிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐகோர்ட்டே சொல்லிடுச்சு. இனிமே நாம பேசறதுக்கு இன்னா கீது, வாங்க" என்று கூட்டத்தை வேனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வெளியே அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு நேரம் இருந்த கோபமெல்லாம் மஞ்சுளாவுக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"சொந்தக்காரங்க அத்தினி பேரு முன்னாடி உன்னைத் தோக்கடிச்சிட்டேனேப்பா."

மச்சான் வேனில் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு குனிந்து, மகள் காதோரம் மெல்லச் சொன்னார்.

"தோக்கணும்னுதாம்மா கேஸே போட்டேன்."