வேப்பிலைப் பொய்

ரஞ்சித்குமார் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகி முடிக்கவும், நர்ஸ் மெஹர் பானு தெருமுனையில் திரும்பவும் சரியாக இருந்தது.

அம்மை போட்ட வீட்டுக்குள் விழிதியூரில் வெளியாட்கள் கால் வைக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் வேப்பிலை. உள்ளே தூளியில் ஒன்பது மாதப் பிள்ளை செம்பியன் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு தடிப்புகூடக் கிடையாது.

மூன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்குப் பிள்ளை இரண்டு நாள் காய்ச்சலில் அனத்தியதை ரஞ்சித்குமார் மறக்கவில்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி வேண்டவே வேண்டாம் என்று மனைவி விஷ்ணுப்ரியாவிடம் கத்தித் தீர்த்திருந்தான். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அவள் காரைக்கால் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறிய பிறகு, நர்ஸ் தெருவுக்குள் வருகிறாள் என்று கேள்விப்பட்டதும்தான் ஐயாவுக்கு இந்த யோசனை உதித்தது.

மெஹர் பானு ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டுமாக வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதும்..." என்றவள், வேப்பிலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"தட்டம்மைங்க சிஸ்டர். ஒடம்பு பூரா போட்டிருக்கு."

ஆத்தா பேரில் பொய் சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டான்.

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்துங்க."

அவள் விரல் விட்டு ஏதோ எண்ணினாள். முகம் வெளுத்துப்போனது.

"எட்டி ஒரு பார்வை பாத்துடட்டுமா, தம்பி?"

"வேணாங்க. வெளியாளு பாக்கக் கூடாது."

அவள் திரும்பி நடந்தாள். வாய்க்கால் மதகு வரைக்கும்தான் போனாள். அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

யாரோ பெற்ற பிள்ளைக்கு இந்த அம்மா இப்படி அழுகிறாள், பெற்றவன் நான் வேப்பிலை செருகி நாடகம் ஆடுகிறேனே என்று ரஞ்சித்குமாருக்கு வெட்கமாக இருந்தது. கொத்தைப் பிடுங்கி எறிந்தான். தூளியில் இருந்த பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மதகுக்கு ஓடினான்.

"சிஸ்டர், என்னை மன்னிச்சிடுங்க. அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊசிக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன். இப்பவே போட்டுடுங்க. மருந்துப் பெட்டி எங்க?"

மெஹர் பானு பிள்ளையை வெடுக்கென்று வாங்கிச் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். அழுகை மட்டும் நிற்கவில்லை.

"அப்ப, போன வாரம் விஷ்ணுப்ரியா ஒங்களுக்குத் தெரியாம தூக்கியாந்தப்ப நான் போட்ட ஊசியால ஒண்ணும் ஆகலையா, தம்பி?"