பிரதீபனின் முதல் சீடி

உக்குவளையில் உள்ள வீட்டு முன்னறையில் பிற்பகல் மழையில் வெளிச்சம் மங்கிக் கிடக்கிறது. புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்ட பிரதீபன், கழுத்துத் துணியைப் பிடித்தபடி நாற்காலியில் இருக்கிறார். இருபது வருடங்களுக்கு முன் கடைகளில் யாரும் சீண்டாமல் கிடந்த, அவருடைய ராக் குழுவின் முதல் சீடியை மனைவி நிரஞ்சனி இன்றுதான் முழுதாகக் கேட்கிறாள். கிட்டார்களின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதற்கும் மேலே அவருடைய இளவயதுக் குரல் கிழிந்துவிடுவதுபோல் ஏறி, கிழியாமல் நிற்கிறது. "வெறும் கத்தல்னு சொல்லிட்டேனேங்க... எவ்வளவு நல்லா இருக்கு," என்கிறாள். அவர் உதடுகள் சத்தமில்லாமல் வரிகளைச் சொல்கின்றன. பாட்டு முடிகிறது. பதிவில் வெட்டாமல் விட்டிருந்த அந்தக் குரல் சிரித்துக்கொண்டே, "இன்னொருக்கா பாடவா?" என்று கேட்கிறது. "பாடுங்க," என்று ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நிரஞ்சனி வாயைப் பொத்திக்கொள்கிறாள்.