சக்கர வீடு

கொக்கியிலிருந்து ஆணியை உருவித் தரையில் போட்டான் குழந்தைவேலு.

"லாரி ஓட்டறேன். ஆளை ஏத்துங்க, படுதாவை ஏத்துங்க, மலை உச்சி வரைக்கும் கொண்டுபோய் இறக்கறேன். பின்னால இதைக் கட்டி இழுக்க மட்டும் என்னால ஆகாதுங்க."

'இது' என்று அவன் சொன்னது நாடகக் கம்பெனியின் சக்கர வீட்டை. நாலு சக்கரத்தின் மேல் பலகைச் சுவர், தகரக் கூரை. கம்பெனிப் பெண்கள் தூங்குவதும் அதில்தான், வேஷம் போட்டுக்கொள்வதும் அதில்தான்.

மானேஜர் ராஜரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தவுங்ஜி மலையில் நாடகம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. முதலாளி காலையில்தான் பசுந்தாங் ஓடைக்கரை லாரிப் பட்டறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வீடு இல்லாம சொர்ணம்மாள் வரமாட்டா. அவ வராம நாடகம் இல்லை. வீடு மலை ஏறலைன்னா நீ கப்பல் ஏறு."

சொன்னால் செய்கிற மனிதர். விரல் மடங்கிப்போன ஆர்மோனியக்காரரை அடுத்த மதராஸ் கப்பலிலேயே ஊருக்கு ஏற்றி அனுப்பியவர்.

"போன வருஷம் நீதானேடா இழுத்தே? இதே வீடு, இதே மலை," என்றார் ராஜரத்தினம்.

"போன வருஷம் வேறங்க."

"ஏன், மலை வளர்ந்துடுச்சா?"

பட்டறையே சிரித்தது. சக்கர வீட்டின் ஜன்னல் திறந்தது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள் சொர்ணம்மாள்.

"என்னவாம் வீரருக்கு? மானேஜர், அந்த மீசையை எடுத்து இப்படிக் குடுங்க. ராஜபார்ட்டுக்கு ஒட்ட மீசை பத்தலை."

"பயம்னே வச்சுக்குங்கம்மா," என்றான் குழந்தைவேலு.

"எதுக்குடா பயம்?" என்று அதட்டினார் பெரியவர் அப்பாசாமி. "நான்தான் பின்னாலேயே கட்டையோட வர்றேனே! அடிவாரத்துல இந்த ஊர்க்காரங்க கும்பிடற நாட் சாமிக்கு ஒரு சீப்புப் பழம் வச்சிட்டுக் கிளம்பு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஏற்றத்தில் லாரி திணறி நின்றால் சக்கர வீடு பின்னால் உருளும். உருளுவதற்குள் சக்கரத்தடியில் கட்டையைச் சொருக வேண்டும். அப்பாசாமி ஊரில் தேருக்குக் கட்டை போட்டவர். கம்பெனியில் அவருக்குச் சோறு போடுவதும் அந்த ஒரு வேலைதான்.

குழந்தைவேலு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் குனிந்து, கீழே கிடந்த ஆணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"தொடைநடுங்கிப் பயல்!" என்று சொல்லிவிட்டு அலோன் துறைமுகத்துக்கு ஓடினார் ராஜரத்தினம். அங்கே சரக்கு ஏற்றும் லாரிக்காரர் பீர் முகைதீனைக் கையோடு அழைத்து வந்தார்.

பீர் முகைதீன் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். சக்கரங்களை உதைத்துப் பார்த்தார்.

"இழுக்கலாம். ஆனா மலைங்கறது மலை. முதல்ல இந்த ஓடைக்கரைச் சரிவுல ஒருதடவை ஏத்திப் பார்ப்போம். கட்டை யாரு?"

"நான்தான் பாய்!" என்றார் அப்பாசாமி.

"அம்மா இறங்கிக்கட்டும்."

"ஈரத் தலையோட நடுத்தெருவுல நிக்கவா? நான் உள்ளேயே இருக்கேன், நீங்க இழுங்க," என்றாள் சொர்ணம்மாள்.

படகுத்துறையிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவு அது. லாரி உறுமிக்கொண்டு ஏறியது. சக்கர வீடு கிறீச்சிட்டுக்கொண்டு பின்னால் போனது. ஒரு கையில் கட்டையோடு, மறு கையால் பலகைச் சுவரைத் தொட்டுக்கொண்டே அப்பாசாமி கூடவே நடந்தார். கூப்பிடாமலே குழந்தைவேலுவும் வந்தான்.

பாதிச் சரிவில் பீர் முகைதீன் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

"கட்டை!"

'தொம்'மென்று விழுந்தது கட்டை.

"போட்டாச்சு!"

"மானேஜர், பிரேக்கை விடவா? கட்டை தாங்குதான்னு பார்ப்போம்."

'விடுங்க' என்று சொல்லப் போன ராஜரத்தினம் கீழே பார்த்தார்.

கட்டை சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

"பார்த்தீங்களா மானேஜர், நச்சுனு உக்காந்திடுச்சு!" என்றார் அப்பாசாமி. அந்தக் கட்டையைத்தான் கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொன்னார். முகமெல்லாம் பெருமை.

ராஜரத்தினம் நிமிர்ந்தார். ஓரடி முன்னால் எடுத்து வைத்த குழந்தைவேலு அப்படியே நின்றிருந்தான். அவன் கண் கெஞ்சியது.

"விடவா?" மறுபடியும் பீர் முகைதீனின் குரல்.

"இருங்க பாய்." ராஜரத்தினம் கையைக் காட்டித் தடுத்தார். "பட்டறைக்கே திருப்பிடுவோம். வீடு இங்கேயே கிடக்கட்டும்."

"ஏன்? நல்லாத்தானே ஏறுது?"

"எனக்குப் பயமா இருக்கு."

ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடக் கடவுளே, இன்னொரு மீசையும் போச்சா! முதலாளிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"இதையேதான்."

துறையில் மூட்டை இறக்கியவர்கள்கூடச் சிரித்தார்கள். எல்லாரையும்விட அப்பாசாமிதான் பலமாகச் சிரித்தார்.

"நான் ஒருத்தன் இருந்துமா மானேஜர் பயம்?"

"என்ன பண்றது அண்ணே, பிறவிக்குணம்," என்றார் ராஜரத்தினம். சிரிப்பு அடங்குவதற்குள் செருப்புக் காலால் கட்டையை மெல்ல நகர்த்திச் சக்கரத்தடியில் சேர்த்தார்.