அமுங்கின சொக்

“கையை எடு சாருஜா! எடு எண்டெல்லோ சொல்லுறன்!”

“நீங்கள் கத்தினாப்போலை இது கழருமே?”

மானிப்பாயில் ஜெறோமின் சைக்கிள் கடை. கத்தியது முதலாளி ஜெறோம். கத்தாமல் குத்தியது, இரண்டு வருடமாக அங்கே திருத்தவேலை செய்யும் சாருஜா. இருவருக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இருவருக்கும் கலியாணமாகவில்லை என்பதெல்லாம் பக்கத்து ஒழுங்கைச் சின்னத்தங்கத்துக்கு மனப்பாடம்.

சின்னத்தங்கம் வந்தது, கனடாவிலிருந்து வந்து நிற்கும் மருமகனின் சைக்கிளோடு. குலுக்கலைத் தாங்கும் பின்பக்கத்துக் காற்றுக் குழாய், அந்தச் சொக், அமுங்கினது அமுங்கினபடி, எழும்பவில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போனால் சண்டையை யார் பார்ப்பது?

சொக் மேசையோரத்து வைஸ் இடுக்கியில் இறுக்கியிருந்தது. அதன் உடம்பில் ரப்பர்ப் பட்டிச் சாவியைச் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுவிட்டாள் சாருஜா. ஒரு திருகுதான் மிச்சம்.

இன்னும் வடிவாய்ப் பார்க்கவென்று, சொக்கின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள் சின்னத்தங்கம்.

“வால்வை அமத்திக் காத்தெல்லாம் எடுத்திட்டன். ஒரு சத்தமும் இல்லைப் பாருங்கோ,” என்றாள் சாருஜா.

“காத்துப் போனதெண்டால் கையாலை இழுக்க நீளவேணும். இது நீளுதில்லை. உள்ளறைக்குள்ளை காத்து அடைபட்டுக் கிடக்கு. கழட்டினால் வெடிச்சுப் பாயும்,” என்றான் ஜெறோம்.

“திருகன் பிள்ளை, பொழுதுபட முந்தி மருமோன் ஓடவேணுமாம்,” என்று தன் பங்குக்கு எண்ணெய் விட்டாள் சின்னத்தங்கம்.

சாருஜாவின் கை சாவியை இறுக்கிப் பிடித்தது.

“சண்டைக்குள்ளை ஷெல் விழுந்து கண் போன நாளிலை இருந்து உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுட்டது.

ஜெறோம் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். மானிப்பாயில் அதுவரை யாரும் அதற்குப் பின்னால் பார்த்ததில்லை. இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் தோல் மூடிக் கிடந்தது.

“இது ஷெல் இல்லை. மன்னாரிலை நான் கழட்டின சொக். இதைப்போலைதான் அமுங்கி நிண்டது. நானும் வால்வை அமத்திப் பாத்தனான்.”

சாருஜா கையை எடுத்தாள்.

சின்னத்தங்கம் முகத்தை எடுத்தாள். அவள் ஒரு விசயத்திலிருந்து முகத்தை எடுத்தது அன்றைக்குத்தான்.

மன்னாரிலிருந்து அவன் வந்த நாள்முதல், பத்து வருடமாக அந்தக் கண்ணுக்கு ஊரில் ஒரு மரியாதை. மினிபஸ்ஸில் எழும்பி இடம் கொடுப்பார்கள். வாசிகசாலை ஆண்டுவிழாவில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். ஷெல் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. இப்போது, ஊரிலேயே நீளமான நாக்குக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டான்.

சொக் திறக்கப்படாமலே சாக்கில் சுற்றி, அதற்கென்று சாமான் வைத்திருப்பவர்களிடம் கொழும்புக்குப் போனது. மருமகன் மூன்று நாள் பஸ்ஸில் திரிந்தான்.

பின்னேரம் வேலியோரம் நான்கு பேர் புதினம் கேட்கக் காத்து நின்றார்கள். “சொக் பழுதாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் சின்னத்தங்கம். காய்ச்சலாக்கும் என்று நினைத்தார்கள்.

ஆவணியில் சாருஜாவும் ஜெறோமும் கலியாணம் முடித்தார்கள். இப்போது நீர்வேலியில், வாழைத்தோட்டமொன்றின் முன்னால் கடை.

அந்தக் கலியாணம் முடிவாகும் முன்னர், மாப்பிள்ளை வேதக்காரன், கிறிஸ்தவன், என்பதைக்கூடத் தாண்டி வந்த சாருஜாவின் தாய், அவனுடைய கண்ணில் தடக்கி நின்றாள். விசாரிக்க வேறு யாரிடம் போவாள்?

“ஷெல்தான்,” என்றாள் சின்னத்தங்கம், “மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.”

கிழமை அவளுக்குத் தெரியாமல் போகுமா? அந்த ஷெல்லை மானிப்பாய்க்குள் முதன்முதலாக அடித்ததே அவள்தானே.