மூன்றாம் கூட்டில் ஒன்பது

“ரெண்டு பேரும் எந்திரிங்க” என்றார் வாத்தியார்.

சின்னவள் எழுந்தாள். மாலை வகுப்பிலேயே வயதில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். பக்கத்தில் தையல்கார அக்காவும் எழுந்தாள். மூன்று மாதமாக இருவரும் ஒரே பெஞ்சு.

வாத்தியார் இரண்டு விடைத்தாள்களையும் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், கள்ள நோட்டைச் சோதிக்கிறவர் மாதிரி.

ஆறாம் கேள்வி. பொட்டாசியத்தின் பத்தொன்பது எலக்ட்ரான்கள் எந்தெந்தக் கூட்டில் எத்தனை?

இரண்டு தாளிலும் 2, 8, 9.

“சரியான விடைன்னா எல்லாருக்கும் ஒண்ணுபோல வரும். தப்பு எப்படிம்மா ஒண்ணுபோல வரும்? யாரு யாரைப் பாத்தீங்க?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

காப்பி என்று வாத்தியார் தாளில் எழுதிவிட்டால் இறுதித் தேர்வுக்குப் பெயர் போகாது. சின்னவள் பெயிண்ட் கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் சாம்பிள் பாட்டில் கழுவ வேண்டியதுதான். அங்கேயே சோதனைக்கூடத்தில் கிடைக்கவிருந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

ஆனால் அவளுக்குக் கோபம் வந்தது அதற்காக இல்லை.

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். சரியாக எழுதியதையே சந்தேகப்பட்டு அடிக்கிறவள். இந்த ஒன்பது மட்டும் அவள் யாரிடமும் வாங்காதது. பத்தொன்பது புள்ளி வைத்து, ஒவ்வொன்றாக அடித்து, சொந்தமாகப் பாடுபட்டுச் செய்த தப்பு.

கேட்காமலே கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டாலேயே எழுதினாள்: 2, 8, 18.

“மூணாவது கூட்டுல பதினெட்டு வரைக்கும் இருக்கலாம்னு நீங்கதான் சார் சொன்னீங்க. பத்தொன்பதுல பத்து போனா ஒன்பது. பதினெட்டு பேருக்கு இடம் இருக்கு, ஒன்பது பேரு உக்காந்தா என்ன சார் குத்தம்? கணக்குப் போட்ட யாருக்கும் இதான் வரும். எங்களுக்கு வந்தா மட்டும் காப்பியா?”

“கடைசிக் கூட்டுல எட்டுக்கு மேல நிக்காது, மிச்சம் அடுத்த கூட்டுக்குப் போயிடும்னு சொன்னேனே.”

“எப்ப சார்?”

வாத்தியார் தன் பாடக் குறிப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அது வர்ற வாரத்துப் பாடம் சார்” என்றாள் பணிவாக.

இந்த முறை வகுப்பே சிரித்தது.

அவர் காது சிவந்தது. தாள்களை மறுபடி பார்த்தார். சின்னவளின் தாள் ஓரத்தில் பத்தொன்பது புள்ளிகள். அக்காவின் தாள் ஓரத்தில் கோடு கோடாக வேறொரு கணக்கு. வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று.

“தப்பு என்னோடதுதான். உக்காருங்கம்மா” என்று இருவரிடமும் தாளைக் கொடுத்தார்.

சின்னவள் உட்கார்ந்தாள். இத்தனை பேர் முன்னால் இப்படி நிற்கவைப்பதா என்று நெஞ்சு கொதித்துக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து நியாயம் கேட்டிருக்கிறாள்.

அக்கா தன் தாளை மறுபக்கம் திருப்பினாள். பிறகு சின்னவளின் தாளையும் இழுத்துத் திருப்பினாள்.

ஏழாம் கேள்வி. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கும் படம். இரண்டும் சரி. இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

இரண்டிலும் அந்த அம்புக்குறி நேர்கோடாக இல்லை. தையல் ஓட்டின மாதிரி விட்டு விட்டுப் போனது. துணியில் கோடு போட்டே பழகிய கைதான் அப்படி வரையும்.

சின்னவள் தலை நிமிரவில்லை.

“கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனேடி” என்றாள் அக்கா, பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காத குரலில்.